சுதந்திரக் கைபேசி தூங்குகிறது

மலையூரான பிரெஸ்லோபாவின் நகராட்சி தன் மருத்துவச்சிக்குக் கைபேசி பரிசளித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. அந்தப் பதினான்கு மாதத்தில் அது ஒரு முறைகூட மணி அடித்ததில்லை. மற்றபடி அருமையான கைபேசி. வானத்தில் எந்த நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று காட்டும். நாற்பது மொழியில் மணி சொல்லும். உள்ளே ஓடும் நிரலின் ஒவ்வொரு வரியையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். யாராவது கூப்பிட்டால் மட்டும் அதற்குத் தெரியாது.

பரிசு வந்தது ஜனவரி இருபத்தொன்று, மருத்துவச்சிகள் தினத்தன்று. அந்தந்த ஆண்டு பிள்ளை பெற்ற பெண்கள் எல்லாம் அன்றைக்கு மருத்துவச்சியின் கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சோப்பும் துண்டும் கொடுத்து, ஆண்களை வெளியே விரட்டிவிட்டு, ஒயின் குடித்து ஆடுவார்கள். மருத்துவச்சி நெவ்யானா இருபத்தாறு வருஷமாக மலையில் ஏறி இறங்கியதெல்லாம் அந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான் என்று சொல்லலாம். அந்த ஆண்டு தண்ணீர்ச் செம்புக்கும் அவள் கைக்கும் நடுவில் மேயர் புகுந்தார். அவருக்குப் பின்னால், பிளொவ்டிவ் நகரத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஓக்ன்யான் ரஷேவ் புகுந்தார். சுதந்திரக் கைபேசிப் பேரவையின் தலைவர். எதில் பேராசிரியர் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"அம்மா, இத்தன நாளா நீங்க கம்பெனிக்காரனோட அடிமை. உங்க பேச்சு அவன் பெட்டிக்குள்ள போய் அவன் பெட்டிக்குள்ள இருந்து வந்துச்சு. இனிமே உங்க பேச்சு உங்களுக்கே சொந்தம். இது முழுக்க லினக்ஸ்ங்கற சுதந்திர மென்பொருள்ல ஓடுற போன். அடுத்த வருஷம் லினக்ஸ் கைபேசியோட வருஷம்!" என்றார் ரஷேவ்.

பெண்கள் ஈரக்கையோடு கைதட்டினார்கள். பிறகு அவர் பிரசவ நிலையத்து மேசைத் தொலைபேசியைத் தூக்கி வாசலில் வைத்து, வெல்வெட் துணி சுற்றிய சுத்தியலால் மூன்று போடு போட்டார். அடிமைச் சின்னத்தை உடைக்கும் சடங்காம். பாவம், இருபத்தாறு வருஷமாகக் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் அடித்த போன் அது. முதல் போட்டுக்கும் ஒரு தடவை சிணுங்கிவிட்டுத்தான் செத்தது.

நிலையத்தின் பழைய எண் மாறவில்லை. பதினொரு மலைக் கிராமத்திலும் கர்ப்பிணிகளின் அட்டையில், சமையலறைச் சுவரில், மாமியார்களின் மனப்பாடத்தில் அந்த எண்தான் இருந்தது. நகராட்சியின் நிலவறையில் பேரவை ஒரு கணினியை வைத்து, அதில் அழைப்புகளை இணைத்துவிடும் தன் திறந்த மூல எக்ஸ்சேஞ்ச் மென்பொருளைப் போட்டு, அந்த எண்ணுக்கு வரும் அழைப்பெல்லாம் சுதந்திரக் கைபேசிக்குப் போகும்படி செய்திருந்தது. வேறு எந்தக் கருவிக்கும் போகாது. சுதந்திரத்தில் கலப்படம் கூடாது என்பது பேரவையின் கொள்கை.

நெவ்யானா சும்மா இருக்கவில்லை. சொந்தத்தில் ஒரு பொத்தான் போன் வாங்கி, அதன் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, ஊர் ஊராகக் கொடுத்து வந்தாள். ஆனால் வயிறு வலிக்கும்போது யார் துண்டுச் சீட்டைத் தேடுவார்கள்? வாய்க்கு வருவது பழைய எண்தான். இந்த ஆண்டு பிப்ரவரியில் லாக்கா கிராமத்து எமினே, எட்டு மாதக் கர்ப்பிணி, திடீரென்று ரத்தம் கண்டு ஒன்பது தடவை கூப்பிட்டாள். முதல் பிள்ளை தங்காமல் போனவள். அந்த ஒன்பது தடவையும் சுதந்திரக் கைபேசி நெவ்யானாவின் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, மேசைமேல், பச்சைப்பிள்ளை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. எமினேயைப் புருஷன் ராமிஸ் டிராக்டரில் வைக்கோலுக்கு நடுவில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வயிற்றுப் பிள்ளை தப்பியது. ஒன்பது அழைப்பையும் நெவ்யானா மறுநாள் காலையில்தான் கைபேசியின் பட்டியலில் பார்த்தாள். இன்னொரு தடவை இப்படி நடக்க விடுவதில்லை என்று பிளொவ்டிவுக்குப் பஸ் ஏறினாள்.

பஸ் ஏறக் காரணம், தொலைபேசிகளை உருவாக்கும் அந்தப் பேரவைக்குத் தொலைபேசி எண் கிடையாது.

பேரவை அலுவலகத்தில் மணி அடிக்கும் பிரிவின் பொறுப்பாளர் கலோயன் இருந்தான். முப்பது வயதிருக்கும். நல்ல பையன் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நல்ல பையன்களால் உலகத்துக்கு என்ன பயன் என்ற கேள்வி அவனைப் பார்த்த பிறகுதான் நெவ்யானாவுக்கு எழுந்தது.

"மணி அடிக்க மாட்டேங்குதா? எங்கிட்ட அடிக்குதேக்கா" என்றான். கைபேசியை வாங்கி, மின்சாரத்தில் செருகி, திரையை எரியவிட்டு, கணினியிலிருந்து அழைத்துக் காட்டினான். அடித்தது.

"வீட்டுல அடிக்கலையே தம்பி."

"வீட்டுல தூங்குதுல்ல? பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கும். தூங்குறப்ப கூப்பிட்டா அதுக்குத் தெரியாது. நீங்க அதையே பார்த்துக்கிட்டு, அப்பப்ப தொட்டுக்கிட்டு இருந்தா தூங்காது."

"யாராச்சும் கூப்பிடப் போறாங்களான்னு நாள் முழுக்க அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?"

கலோயன் முகம் மலர்ந்தது. "கரெக்டா புரிஞ்சிக்கிட்டீங்க. பாதிப் பேருக்கு இது புரியறதில்ல."

இது புகார் எண் 4117 என்றும், எட்டு மாதமாக இருப்பது என்றும், அதற்கு மருந்தும் தன்னிடம் தயாராக இருக்கிறது என்றும் அவன் சொன்னான். காட்டவும் செய்தான். ஒரே வரி. 'தூங்கும்போது கூப்பிட்டால் எழுந்திரு' என்பதுதான் அதன் சாரம்.

"அப்ப போட்டுடேன் தம்பி."

"நானா எப்படிக்கா போட முடியும்? மூத்த பராமரிப்பாளர் ரெண்டு பேர் பார்த்துச் சரின்னு சொல்லணும். ஒருத்தர் வேலைய விட்டுட்டுக் காளான் வளர்க்கப் போயிட்டாரு. இன்னொருத்தர், 'எழுந்திரு'ங்கறது உத்தரவு, சுதந்திர மென்பொருள் யாருக்கும் உத்தரவு போடக் கூடாது, 'எழுந்திருக்க விருப்பமா'ன்னு கேட்கணும்னு சண்டை போட்டு, பிரிஞ்சுபோய்த் தனிப் பேரவை ஆரம்பிச்சுட்டாரு."

"அங்க மணி அடிக்குதா?"

"அங்க இன்னும் போனே செய்யலக்கா. கொள்கை அறிக்கை எழுதிக்கிட்டு இருக்காங்க."

கதவு திறந்திருந்ததால் ரஷேவ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தார். எமினேயின் ஒன்பது அழைப்பை நெவ்யானா அவரிடம் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். சங்கீதம் கேட்பவர் மாதிரி இருந்தது.

"அம்மா, மணிங்கறது என்ன? யோசிச்சிருக்கீங்களா? எவனோ எங்கேயோ ஒரு பொத்தானை அமுக்குறான், நீங்க இங்க எழுந்து ஓடுறீங்க. இதுக்குப் பேரு அடிமைத்தனம். சுதந்திர மனுஷன் எப்ப பேசணும்னு அவனே முடிவு பண்றான். அவனோட போனும் அப்படித்தான்."

"அவளுக்கு ரத்தம் போச்சுங்க."

"அதை மறுநாள் பட்டியல்ல பார்த்தீங்கல்ல? எந்த வினாடியில கூப்பிட்டாங்கன்னு துல்லியமா இருந்துச்சா? கம்பெனிக்காரன் போன்ல இந்தத் துல்லியம் கிடைக்குமா?"

கடைசியில், மார்ச் ஒன்பதாம் தேதி நடக்கும் பேரவையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புகார் 4117 எடுத்துக்கொள்ளப்படும் என்று ஏற்பாடாயிற்று. ஆனால் விதி ஒன்று உண்டு. புகார் கொடுத்தவர் நேரில் வர வேண்டும். வராவிட்டால் குறை தானே தீர்ந்துவிட்டதாகக் கருதி மூடிவிடுவார்கள். மூடினால் திறக்க ஒரு வருஷம். எமினேக்கு அந்தத் தேதிக்குப் பிறகும் மூன்று வாரம் இருக்கிறது என்று நெவ்யானா கணக்குப் போட்டாள். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்கிற கதையாக, மார்ச் எட்டில் மலைமேல் பெரும்பனி விழுந்து லாக்கா பாதை அடைத்துக்கொண்டது. பொத்தான் போனிலிருந்து எமினேயைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா, நல்லா இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க. அந்தச் சனியன் புடிச்ச போனை அடிக்க வச்சுட்டு வாங்க" என்றாள் எமினே.

பொதுக்கூட்ட மண்டபத்தில் பெரிய துணிப் பதாகை. 'லினக்ஸ் கைபேசியின் ஆண்டு' என்று எழுதி, ஆண்டு இருக்கும் இடத்தில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். காகிதத்தின் ஓரம் தடித்திருந்தது. கீழே பழைய ஆண்டுகளோடு பதினொரு காகிதம் இருப்பது எண்ணிப் பார்த்தால் தெரியும். வாசலில் ஒரு கூடை. உள்ளே போகும் ஒவ்வொருவரும் தங்கள் 'அடிமைப் போனை' அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும், குழுப்படம் எடுத்து முடியும்வரை கூடைக்குப் பூட்டு. சுதந்திரக் கைபேசிக்காக உயிரையும் கொடுக்கத் தயாராக இருந்த அறுபத்து நான்கு பேரும் கூச்சமே இல்லாமல் பைக்குள் கையை விட்டு, ஒருவர் விடாமல் கம்பெனிக்காரன் போனை எடுத்துக் கூடையில் போட்டார்கள். ரஷேவ் இரண்டு போட்டார். நெவ்யானாவின் பொத்தான் போனும் உள்ளே போயிற்று.

"அவசரம்னா கூப்பிட அது ஒண்ணுதாங்க இருக்கு" என்றாள்.

"உங்ககிட்டதான் சுதந்திரக் கைபேசி இருக்கே!" என்றார் கூடைக்காரர், பரிதாபப்பட்டு.

கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது. முதல் இரண்டரை மணி நேரம், பேச எடுக்கும் பொத்தான் பச்சையாக இருக்க வேண்டுமா என்பதில் போனது. பச்சை என்பது கம்பெனிக்காரன் நிறம் என்று ஒரு கட்சி. பிறகு பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவும் மோரும் வந்தன. தின்றார்கள். அதன் பிறகு புகார் 4117.

கலோயன் எழுந்து தன் ஒரு வரியைத் திரையில் காட்டினான். நெவ்யானாவை மேடைக்கு அழைத்தார்கள். அவள் எமினேயின் பெயரைச் சொல்லாமல், ஒரு கர்ப்பிணி, ஒன்பது அழைப்பு, வைக்கோல், டிராக்டர் என்று நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். மண்டபத்தில் சிலர் உண்மையாகவே உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் எழுந்து டிராக்டர் எந்த இயங்குதளத்தில் ஓடுகிறது என்று கேட்டார்.

வாக்கெடுப்பு. இந்த ஆண்டு சர்வதேச நடுநிலை வேண்டும் என்பதற்காக வாக்கு எண்ணும் அதிகாரியாக ஹாலந்துக்காரர் யோஸ்ட் என்பவரை நியமித்திருந்தார்கள். அவர் தன் ஊரில் உட்கார்ந்து, பேரவையே தயாரித்த கூட்டப்பேச்சு மென்பொருள் வழியாக மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மென்பொருளில் படம் வரும், குரல் வராது. குரல் வரவழைப்பது புகார் எண் 212. கையைத் தூக்கினால் பின்வரிசை மறைகிறது என்று மூன்று ஆண்டுக்கு முன்பே தீர்மானம் போட்டிருந்ததால், தலையை ஆட்டித்தான் வாக்களிக்க வேண்டும்.

"கலோயனோட வரியை ஏத்துக்கறவங்க!" என்றார் ரஷேவ்.

அறுபத்து நான்கு பேரும் ஒரு மனதாக ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். எங்கள் நாட்டில் ஆமாம் என்றால் தலை இடமும் வலமும் ஆடும், இல்லை என்றால் மேலும் கீழும் போகும். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். உலகம் வேறு மாதிரி ஆட்டினால் அது உலகத்தின் பாடு. யோஸ்ட் மிகுந்த கவனத்தோடு எண்ணி, திரையில் எழுதி அனுப்பினார்: ஆதரவு 0, எதிர்ப்பு 64.

மண்டபமே திரையைப் பார்த்து எழுந்தது.

"ஆமான்னுதானே ஆட்டினோம்!" என்று கத்தினான் கலோயன்.

யோஸ்டுக்குக் கேட்கவில்லை. குரல் இல்லை அல்லவா.

மறுவாக்கெடுப்பு என்று முடிவாயிற்று. இந்தத் தடவை ஹாலந்துக்காரருக்குப் புரியும்படி மேலும் கீழும் ஆட்டுங்கள் என்றார் ரஷேவ். உடனே பின்வரிசையில் தேசபக்தி எழுந்து நின்றது. "கம்பெனிக்காரனுக்குத் தலை வணங்காதவன், ஹாலந்துக்காரனுக்காக என் தலையை மாத்தி ஆட்டணுமா? எங்கப்பன் கேட்டா என்ன சொல்வான்?" என்றார் ஒரு தாடிக்காரர். பாதிப் பேர் அப்படி ஆட்டினார்கள், பாதிப் பேர் இப்படி ஆட்டினார்கள், இரண்டுக்கும் நடுவில் சிலர் வட்டமாகச் சுற்றினார்கள். ஆதரவு 31, எதிர்ப்பு 33. வரி தோற்றது. தோற்ற வரியை ஒரு வருஷத்துக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது.

நெவ்யானா எழுந்தாள். "ஐயா, இங்க உள்ள எல்லாரும் ஆமான்னு சொல்றாங்க. நான் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். அப்புறம் எப்படிங்க தோத்துச்சு?"

"அம்மா, இதுதான் ஜனநாயகம். எல்லாரும் என்ன நினைக்கிறாங்கங்கறது முக்கியம் இல்ல, முறைப்படி நடந்துச்சாங்கறதுதான் முக்கியம்" என்றார் ரஷேவ். சொல்லிவிட்டு அந்த வாக்கியம் தனக்கே பிடித்துப்போய், செயலாளரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு விதிப்புத்தகத்தைப் புரட்டி, தோற்ற வரியை யாருடைய போனிலும் போடக் கூடாது, ஆனால் 'கல்விச் செய்முறைக்காக' ஒரே ஒரு போனில் போடலாம் என்று கண்டுபிடித்தார். கைதட்டல். கலோயன் நெவ்யானாவின் கைபேசியில் அந்த ஒரு வரியைப் போட்டான். அரை நிமிஷம் ஆயிற்று. எட்டு மாதமாக ஆகாத அரை நிமிஷம்.

கைபேசியை மேடையில் ஒரு மெத்தைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று மண்டபத்து ஒலிபெருக்கியோடு இணைத்தார்கள். செய்முறை நடக்கும்போது கைபேசி தனக்குள் எழுதிக்கொள்ளும் குறிப்புகளைக் கலோயன் கணினியில் பிடித்தான். அழைப்பின் ஒலியையும் சேர்த்துப் பதிவு செய்தான். திரை அணைந்தது. கைபேசி தூங்கியது.

"இப்ப யாராச்சும் கூப்பிடுங்க" என்றார் ரஷேவ்.

ஒருவரும் அசையவில்லை. அடிமைப் போன்கள் கூடையில். சுதந்திரக் கைபேசிகள் கையில் இருந்தன, ஆனால் அவற்றிலிருந்து வெளியே கூப்பிடுவது புகார் 3090. உலகத்தின் தலைசிறந்த தொலைபேசி வல்லுநர்கள் என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்ளும் அறுபத்து நான்கு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரு போன் போடுவது எப்படி என்று விவாதித்தார்கள். ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்ற யோசனை வந்தது.

அப்போதுதான் அது அடித்தது.

மணியின் ஓசை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழு இன்னும் கூடாததால், வெறும் கட்டையான 'பீப்' தான். ஆனால் ஒலிபெருக்கியில் மண்டபமே அதிர்ந்தது. அறுபத்து நான்கு பேரும் எழுந்து நின்றார்கள். தாடிக்காரர் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிக்கொண்டு அழுதார். மார்ச் மாதம் நோய்நொடி அண்டாதிருக்கக் கட்டும் சிவப்பு வெள்ளை நூலோடு கைகளை எல்லாம் தூக்கி ஆட்டினார்கள். திரையில் ஒரு பெயர் ஒளிர்ந்தது. எமினே.

நெவ்யானா மேடையை நோக்கிப் பாய்ந்தாள். ரஷேவ் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"தொடாதீங்கம்மா! பதிவு ஓடிக்கிட்டிருக்கு. எடுத்தா மணி நின்னுபோகும், ஆதாரம் பாதியில அறுந்துபோகும்!"

"எமினேங்க! அவளுக்குத் தேதி ஆகலைங்க. ஒண்ணும் இல்லாம கூப்பிட மாட்டா!"

"வரலாறுங்க இது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்திருக்கோம். இன்னும் ஒரு நிமிஷம் காத்திருக்க மாட்டீங்களா?"

பதினாறு தடவை அடித்து நின்றது. மண்டபத்தில் கரவொலி ஓயவே இல்லை. கலோயன் கணினியிலிருந்து நிமிர்ந்தான். அவன் கண்ணில் தண்ணீர். "அருமையான பதிவு. அக்கா, அவங்கள இன்னொரு தடவை கூப்பிடச் சொல்ல முடியுமா?"

"எதுல சொல்றது, உன் தலையிலயா?" என்றாள் நெவ்யானா.

சொல்லி முடிப்பதற்குள் மறுபடி அடித்தது. நெவ்யானா இருபத்தாறு வருஷம் பிரசவம் பார்த்த கையால் பேராசிரியரின் மார்பில் ஒரு தள்ளு தள்ளினாள். அவர் மெத்தையோடு சேர்ந்து உட்கார்ந்தார். கைபேசியைப் பிடுங்கி, இன்னும் நிறம் முடிவாகாத அந்தப் பொத்தானை அமுக்கினாள்.

"அக்கா!" என்று மண்டபம் முழுக்க எமினேயின் குரல். "அக்கா, எடுத்துட்டீங்களா! உங்க பொத்தான் போனுக்கு அடிச்சேன், எடுக்கல. தண்ணி உடைஞ்சுபோச்சுக்கா. ராமிஸ் பனியைத் தள்ளுறதுக்கு டிராக்டர் கொண்டாரப் போயிருக்காரு. பக்கத்து வீட்டம்மா மட்டும்தான் இருக்காங்க."

"எமினே, இங்கதான் இருக்கேன் கண்ணு. இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படு. கேக்குதா?"

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன்! இருக்கேன்!"

"அக்கா, ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

நெவ்யானா கலோயனைப் பார்த்தாள். அவன் மெதுவாக, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "பேசுற பக்கம் இன்னும் இல்லக்கா. கேட்கிற பக்கம்தான் முடிஞ்சிருக்கு. பேசுறது அடுத்த வருஷ நிகழ்ச்சி நிரல்ல நாலாவது."

பதினான்கு மாதமாக அதில் ஒருவரும் பேசியதில்லை. அதனால் பேரவைக்கு வெளியே யாருக்கும் தெரியாமல் போயிற்று.

பிறகு நடந்ததை நெவ்யானா சாகும்வரை மறக்கப் போவதில்லை. அவள் கைபேசியை வாயருகே வைத்துக் கத்தினாள். கூடையைத் திற என்று கத்தினாள். கூடையின் சாவி வைத்திருந்தவர் குழுப்படத்துக்குப் படக்காரரைக் கூட்டிவரப் போயிருந்தார். ஒலிபெருக்கியில் எமினே மூச்சு வாங்கினாள், கத்தினாள், அல்லாவைக் கூப்பிட்டாள், அக்காவைக் கூப்பிட்டாள். "தலை தெரியுதுங்கறாங்க அக்கா. முக்கவா? வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"முக்காதே! வாயால மூச்சு விடு! நாய் இளைக்கிற மாதிரி இளைச்சு விடு!" மண்டபத்தில் இருந்த அறுபத்து நான்கு ஆண்களுக்கும் நெவ்யானா சொன்னது கேட்டது. அவர்களில் ஒருவரும் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கவில்லை.

எமினே முக்கினாள்.

ஒரு பெரிய அலறல், அதன் பிறகு ஒன்றுமே இல்லை. நெவ்யானா எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்று வரை எண்ணினாள். அப்புறம் அந்த அழுகை வந்தது. மெல்லியதாக, கோபமாக, பூனைக்குட்டி தும்முகிற மாதிரி ஆரம்பித்து, மண்டபத்து ஜன்னலெல்லாம் நிறைந்தது. அதோடு இணைப்பு அறுந்தது.

ரஷேவ் மெத்தையிலிருந்து எழுந்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. உள்ளபடியே உருகிப்போயிருந்தார்.

"கேட்டீங்களா? இரைச்சல் இருந்துச்சா? எதிரொலி இருந்துச்சா? என்ன ஒரு தெளிவு! எந்தக் கம்பெனிக்காரன் போன்ல இப்படி ஒரு ஒலி கேட்டிருக்கீங்க?"

மண்டபம் இடிகிற மாதிரி கைதட்டியது. புகார் 4117 தீர்ந்தது என்று செயலாளர் எழுதினார். நெவ்யானா அதற்குமேல் நிற்கவில்லை. வாசலுக்கு ஓடி, இது முன்பே தோன்றவில்லையே என்று நொந்தபடி, பூட்டிய கூடையைத் தூக்கித் தரையில் போட்டு உடைத்தாள். தன் பொத்தான் போனை எடுத்து லாக்காவுக்கு அடித்தாள். ஒருவரும் எடுக்கவில்லை. அன்றைக்கும் மறுநாளும் பலமுறை அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கத்தான் ஆள் இல்லை.

மூன்றாம் நாள் பாதை திறந்தது. ராமிஸ் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். வணக்கம் சொன்னாள். அவன் கோடாலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உள்ளே எமினே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தொட்டிலில் பெண் குழந்தை. யாரும் காப்பி கொண்டுவரவில்லை. அந்த வீட்டில் காப்பி கொடுக்காமல் இருந்தால், நீ எங்களுக்கு வேண்டாதவள் என்று அர்த்தம்.

நெவ்யானா பையைத் திறந்து தன் வேலையைச் செய்தாள். எமினேக்கு மோசமாகக் கிழிந்திருந்தது. அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் கிழிந்திருக்காது. மருந்திட்டாள், சுத்தம் செய்தாள், குழந்தையை எடை பார்த்தாள்.

"நீங்க எடுத்தீங்க" என்றாள் எமினே, சுவரைப் பார்த்தபடியே. "கிளிக்னு சத்தம் கேட்டுச்சு. நான் கத்துனதை எல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. ஒரு வார்த்தை பேசலையே அக்கா."

"அது அப்படி இல்லம்மா. அதுல கேட்கிற பக்கம் இருக்கு, பேசுற பக்கம் இல்ல. அது அடுத்த வருஷ நிகழ்ச்சி நிரல்ல..." என்று ஆரம்பித்த நெவ்யானா, தன் வாயிலிருந்து வருவதைத் தானே கேட்டு நிறுத்திக்கொண்டாள். அச்சு அசல் ரஷேவ். இந்த விளக்கத்தை யாராவது தன்னிடம் சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பாள்.

"காது இருக்கு, வாய் இல்ல. அப்படி ஒரு போன் எங்கயாச்சும் உண்டா? பொய் சொல்றதா இருந்தா கொஞ்சம் நல்லதாச் சொல்லுங்க அக்கா" என்றாள் எமினே.

அப்போது குழந்தை அழுதது. பூனைக்குட்டி தும்முகிற மாதிரி ஆரம்பித்து, மெல்லியதாக, கோபமாக.

எமினே வலியோடு புரண்டு தொட்டிலைப் பிடித்தாள். குழந்தை வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அழுகை நிற்கவில்லை. அது நெவ்யானாவின் பைக்குள்ளிருந்து வந்தது.

நெவ்யானா பைக்குள் கைவிட்டாள். சுதந்திரக் கைபேசி அதிர்ந்துகொண்டிருந்தது. மணியோசைக் குழு கூடி, அன்று பதிவான அழுகையையே ஒரே மனதாக மணியோசையாகத் தேர்ந்தெடுத்து, எல்லாக் கைபேசிக்கும் அனுப்பியிருந்தது. பேரவை தன் வாழ்நாளில் மூன்று நாளில் செய்து முடித்த ஒரே வேலை அதுதான். திரையில் ஒரு குறிப்பும் வந்திருந்தது: 'இந்த ஒலியை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.'

எமினேயின் முகம் வெளுத்தது. அழுகை கேட்டுச் சுரந்த பாலில் அவள் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. நெவ்யானா பொத்தானை அமுக்கினாள்.

"ஹலோ, அக்கா? கலோயன் பேசுறேன். சும்மா சோதனைக்குத்தான்" என்றது கைபேசி.

"அடப் பாவி!" நெவ்யானாவுக்கு அடிவயிற்றிலிருந்து குரல் வந்தது. "யாரைக் கேட்டுடா அந்தப் புள்ளையோட அழுகையை எடுத்தீங்க? பெத்தவ இங்க கிழிஞ்சு கெடக்கா, நீங்க அதைப் பாட்டா வச்சுக் கேக்குறீங்களா? மனுஷங்களாடா நீங்க? எடு அதை! இப்பவே எடு!"

வாசலில் கோடாலிச் சத்தம் நின்றது. தொட்டிலில் குழந்தை திடுக்கிட்டு விழித்தது.

"அக்கா? ஹலோ?" என்றான் கலோயன், இனிமையாக. "லைன்ல இருக்கீங்கன்னு காட்டுது. சரி, மணி அடிச்சிருக்கு, எடுத்திருக்கீங்க. எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக்கிறேன். ரொம்ப சந்தோஷம்."

இணைப்பு அறுந்தது.

எமினே கைபேசியைப் பார்த்தாள். பிறகு நெவ்யானாவின் முகத்தைப் பார்த்தாள். நரம்பு புடைத்த கழுத்தையும், எச்சில் தெறித்த மோவாயையும் வெகுநேரம் பார்த்தாள்.

"அவனுக்கு ஒண்ணுமே கேக்கலையா?"

"கேக்காது."

"அன்னிக்கும் இப்படித்தான் கத்துனீங்களா அக்கா?"

"இதைவிடப் பலமா" என்றாள் நெவ்யானா. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எமினே குழந்தையைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டு, முனகியபடி சுவர்ப்பக்கமாக நகர்ந்து, நெவ்யானா உட்காரக் கட்டிலில் இடம் விட்டாள்.